மண்டை ஓட்டு மோதிரம்: எட்டு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

பாம்பனில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன் நான். திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம் ஆன்லைனில் ஒரு வெள்ளி மோதிரம் வாங்கினேன். ஐரோப்பாவின் இடைக்காலக் கோவில் வேலைப்பாட்டைப் போன்ற கோதிக் பாணி, 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி), 4,600 ரூபாய். அப்பா தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் நினைவாகக் கையில் ஒன்று கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

மோதிரத்தின் நடுவில் ஒரு மண்டை ஓடு. இரண்டு பக்கமும் கூர்முனை வளைவு வைத்த ஜன்னல், ஜன்னலுக்குள் மூவிலை. வளையம் முழுக்கத் திராட்சைக் கொடி சுற்றிப் போகிறது. கொடி முடிகிற இடத்தில் ஒரு லீலிப் பூ.

பார்சலைப் பிரித்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன்டா, செத்த எலும்பையா கையில மாட்டிக்கிட்டு வந்திருக்க? கழட்டு.” நான் பதில் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, கோவிலில் இருக்கிற பழைய பாடுபட்ட சுரூபத்தின் காலடியைக் காட்டினேன். ஆணி அடித்த பாதத்துக்குக் கீழே சின்னதாக ஒரு மண்டை ஓடு. இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா என்றாலே மண்டை ஓட்டு இடம்தான். ஆதாமின் மண்டை ஓடு அங்கே புதைந்திருந்தது, அதன் மேல்தான் சிலுவை நின்றது என்று பழைய நம்பிக்கை. சாவு தோற்றுப்போன இடம் என்பதற்கு அது அடையாளம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷமா இதைக் கவனிக்கலையே” என்றார். அதற்கப்புறம் கழற்றச் சொல்லவில்லை.

இந்த மாதிரி மோதிரத்தைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் துக்க மோதிரம் என்று ஒரு வழக்கம் இருந்தது. சாகப்போகிறவர் உயில் எழுதும்போதே இன்னாருக்கெல்லாம் மோதிரம் செய்து கொடுங்கள் என்று பணம் ஒதுக்கி வைப்பார். இறந்தவரின் பெயர், தேதி, வயது எல்லாம் அதில் வெட்டியிருக்கும். பெரும்பாலும் கறுப்பு எனாமல் பூசுவார்கள். கல்யாணம் ஆகாமல் இறந்தவருக்கு வெள்ளை எனாமல். நீயும் ஒரு நாள் போகிறவன்தான், மறந்துவிடாதே என்பது அந்த மோதிரங்களில் பலவற்றில் இருந்த மண்டை ஓட்டின் பேச்சு. திருநீற்றுப் புதன் அன்று சாமியார் நம் நெற்றியில் சாம்பல் பூசிச் சொல்வதும் அதுதானே.

மோதிரத்தோடு வந்த அட்டையில் மண்டை ஓடு ‘வீரம்’ என்றும், லீலிப் பூ ‘ஈட்டி முனை’ என்றும் போட்டிருந்தது. படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. நம் கரையில் பதுவை அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கையில் குழந்தை இயேசுவோடு லீலிப் பூவும் இருக்கும். அது தூய்மையின் அடையாளம். மூவிலை என்பது தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு இறைவன். திராட்சைக் கொடி, யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு தன்னையே திராட்சைக் கொடி என்று சொல்வது. கூர்முனை வளைவுக்கும் காரணம் இருக்கிறது. பாரிஸ் பக்கம் செயின்ட் டெனிஸ் மடாலயக் கோவிலில் 1144இல் அர்ச்சித்த பகுதிதான் கோதிக் கட்டடக் கலையின் தொடக்கம் என்பார்கள். அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்முனை வளைவு பாரத்தைக் கீழே இறக்கிவிடும். அதனால் சுவரைத் திறந்து பெரிய ஜன்னல் வைக்கலாம், வெளிச்சம் உள்ளே வரும். விற்கிறவர் இதில் ஒன்றையாவது தெரிந்து எழுதியிருக்கலாம்.

இனி குறை. ‘கையால் செதுக்கியது’ என்று விளம்பரத்தில் இருந்தது. பொய், இது அச்சில் உருக்கி ஊற்றிய வார்ப்பு. புரொப்பல்லர் வார்ப்பை வருடக்கணக்காகத் தொட்டுப் பழகிய கை இது. கொடியின் இலை ஓரமெல்லாம் மழுங்கல், ஜன்னல் இடுக்கில் ஊசிமுனை அளவில் இரண்டு துளை. உளி வெட்டியிருந்தால் கோட்டின் அடி கூர்மையாக இருக்கும், வெளிச்சத்தில் பளிச்சென்று அடிக்கும். எடையும் சொன்ன 22 கிராம் இல்லை, 18.4 தான். இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பாத்திரத்திலும் நகையிலும் பெயர் வெட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, “தம்பி, இது வார்ப்பு. ஆனா வெள்ளி நல்ல வெள்ளி” என்றார். குச்சி முனையில் அரக்கை உருக்கி, மோதிரத்தை அதில் பதித்து, சின்ன உளியால் கொடியின் நரம்புகளை ஒவ்வொன்றாக மறுபடி வெட்டினார். அப்புறம் மோதிரத்தின் உள்பக்கம் அப்பா பெயரும் வருடமும். முக்கால் மணி நேரம், 600 ரூபாய். மோதிரத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. 4,600 ரூபாயில் வராதது அந்த 600 ரூபாயில் வந்தது என்றே சொல்வேன்.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பள்ளங்களில் தெரிகிற கறுப்பு அழுக்கு இல்லை. கந்தகச் சேர்மம் போட்டு வேண்டுமென்றே ஏற்றியது. அது இல்லையென்றால் உருவமே எடுபடாது. அம்மா பாசத்தில் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டார், மண்டை ஓட்டின் கண் வெளுத்துப்போனது. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மூடி போட்ட டப்பாவில் மோதிரத்தோடு ஒரு ராத்திரி வைத்தேன். முட்டையிலும் கந்தகம் இருப்பதால் கறுப்பு திரும்ப ஏறியது. மேடான இடத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டேன். மற்றபடி சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். 925இல் மீதி பெரும்பாலும் செம்பு. உப்புத் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் விரலில் பச்சை ஏறும்.

எஞ்சினில் கை வைக்கும்போதும் வலை இழுக்கும்போதும் இதைப் போடவே கூடாது. மாட்டினால் விரலோடு போய்விடும். நான் வேலைக்குப் போகும்போது அந்தோனியார் படத்துக்குக் கீழே உள்ள ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறேன். அளவு 22 வாங்கினேன், காலையில் சரியாக இருக்கிறது, மத்தியான வெயிலில் விரல் வீங்கி இறுக்குகிறது. பட்டை அகலமான மோதிரம் என்பதால் ஒரு அளவு கூட்டி 23 வாங்குங்கள்.