முழு மூன்றாவது செட்டா, 10 புள்ளி டைபிரேக்கா?

டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு செட் ஆனால், வெற்றியைத் தீர்மானிக்க இந்த இரண்டு முறைகள் உண்டு. 2024-இல் ரோகன் போபண்ணா, மேத்யூ எப்டன் ஜோடி இரண்டிலும் வென்றது. ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் மூன்றாவது செட்டை முழுதாக ஆடி, 6-6 ஆன பிறகு, கேம்களை விட்டுப் புள்ளிகளை மட்டும் எண்ணும் டைபிரேக்கில் 10-7 என்று முடித்தார்கள். மயாமி ஓபன் இறுதியில் மூன்றாவது செட்டே கிடையாது. ஆளுக்கு ஒரு செட் ஆனதும் நேராக 10 புள்ளி டைபிரேக், 10-6.

மயாமி முறையில் டியூசுக்கு (40-40 சமநிலை) அடுத்த புள்ளியே கேமைத் தீர்மானிக்கும்; சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று எதிரணி தேர்ந்தெடுக்கும். விறுவிறுப்புதான், ஆட்டமும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்தப் புள்ளியில் ஒரு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) போதும், கேம் போய்விடும்.

எனக்கு ஆஸ்திரேலிய ஓபன் நடக்கும் மெல்போர்னின் முறைதான் பிடிக்கும். அங்கே டியூசுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு புள்ளி எடுத்தால்தான் கேம். அட்வான்டேஜ் (ஒரு புள்ளி முன்னிலை) மாறி மாறி வரும்போதுதான் வலைக்கு அருகில் நிற்பவரின் துணிச்சல் தெரிகிறது. 43 வயதில் போபண்ணா அங்கே பட்டம் வென்றதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.