கோலாலம்பூர்–லண்டன் நேரடி விமானம்: தொலைவும் பயண நேரமும்

மலேசியா ஏர்லைன்ஸ் கோலாலம்பூரிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு இயக்கும் நேரடி விமானம், வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் கட்டணம் சற்றுக் கூடினாலும் தேர்ந்தெடுக்க வேண்டிய சேவை என்பது, அம்மாவுடன் அதில் சென்று வந்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது.

பூமியின் வளைவையொட்டி அளந்தால் இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிட்டால் 12 மணி நேரம்கூட ஆகக் கூடாது. ஆனால் பயணச்சீட்டில் போகும்போது 14 மணி நேரத்தை ஒட்டியும், திரும்பும்போது 13 மணி நேரத்தை ஒட்டியும் காட்டுகிறார்கள். விமானம் வாயிலை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வாயிலை அடைவது வரை உள்ள நேரம் அது. மேலும், உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், பாதை வளைந்துதான் செல்ல வேண்டியிருக்கிறது. போக்குக்கும் வரத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று. இருக்கைத் திரையில் இதைக் கண்கூடாகவே பார்க்கலாம்: போகும்போது தரைவேகம் 800ஐ ஒட்டி நின்றது, திரும்பும்போது 1,000ஐத் தொட்டது.

துபாய் வழியாகச் சென்றால் எவ்வளவு கூடும் என்று பலரும் கேட்கிறார்கள். கோலாலம்பூர்–துபாய் சுமார் 5,550, துபாய்–லண்டன் சுமார் 5,500 கிலோமீட்டர். ஆக, தொலைவில் கூடுவது அரை மணி நேரப் பறப்புதான். நேரத்தைத் தின்பது இடையில் இறங்கி, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, அடுத்த வாயில் வரை நடந்து, காத்திருந்து ஏறுவது. இளையவர்கள் பணத்தை மிச்சப்படுத்த அப்படிப் போவதில் தவறில்லை. மூட்டுவலி உள்ளவர்களை நள்ளிரவில் அவ்வாறு நடக்கவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இத்தடத்தில் 2018 முதல் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 விமானத்தில் உள்காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்கு இணையாகப் பேணப்படுகிறது. பழைய ரகங்களில் இது 8,000 அடி வரை போகும். இரைச்சலும் குறைவு. அம்மா காஸ்பியன் கடலைக் கடக்கும்வரை அயர்ந்து தூங்கினார். சாதாரண வகுப்பில் வரிசைக்கு மூன்று மூன்றாக ஒன்பது இருக்கைகள் என்பதால், பெரியவர்களுக்கு நடைபாதையோர இருக்கையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இந்திய சைவ உணவையும் புறப்பாட்டுக்கு ஒரு நாளுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து முதல் முனையத்துக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம் போதும். இரவு விமானம் ஹீத்ரோவை அடைவது விடியற்காலையில்; மணி வேறுபாடு குளிர்காலத்தில் 8, கோடையில் 7 என்பதால் நம் உடலுக்கு அது நண்பகல் தாண்டிய வேளை. எனவே, தங்கும் அறையை முந்தைய இரவிலிருந்தே எடுத்து வைத்தால் பெரியவர்கள் போய்ச் சேர்ந்ததும் படுக்கலாம்.