நாலு வருடமாகப் புடவை அலுமாரிக்கு முன்னால்: என் பொட்காஸ்ட், லைவ் அனுபவம்

"பொட்காஸ்ட் தொடங்கப் போறன், என்ன மைக் வாங்கலாம்?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில புடவை அலுமாரி எந்த அறையில இருக்கு?" பகிடி இல்லை. சொல்கிறேன்.

நான் தொடங்கியது 2022 தை மாதம். பழைய கொழும்பைப் பற்றிப் பெரியவர்களைக் கதைக்க வைத்துப் பதிவு செய்வதுதான் நிகழ்ச்சி. வீடு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி. ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் கடலோர ரயில் பாதை. புறக்கோட்டையில் ஒரு கடையில் "இதுதான் தம்பி ஸ்டூடியோ மைக்" என்று ஒரு கொண்டென்சர் மைக்கை என் தலையில் கட்டினார்கள். கொண்டென்சர் கெட்ட சாமான் இல்லை. நுணுக்கமான சத்தத்தையும் விடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. ஒலி அடைத்த அறையில் அருமையாக இருக்கும். எங்கள் வீட்டிலோ அது ரயிலைப் பிடித்தது, காகத்தைப் பிடித்தது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலைப் பிடித்தது. முதல் நிகழ்ச்சியில் செட்டியார் தெரு நகைக்கடைகளைப் பற்றி ஒரு ஐயா உருகிச் சொல்லும் இடத்தில் சூன் பாண் ஆட்டோ (தெருத் தெருவாகப் பாண் விற்கும் ஆட்டோ) தன் மெட்டோடு குறுக்கே போகிறது. அதை வெட்டாமலே விட்டேன். இன்றைக்கும் ஆட்கள் அதைத்தான் ஞாபகம் வைத்துச் சொல்கிறார்கள்.

நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாவித்த சாம்சன் க்யூ2யூ ஒன்றை வாங்கினேன். இது டைனமிக் மைக். வாய்க்கு முன்னால் இருப்பதைக் கேட்கும், தூரத்துச் சத்தத்தைப் பெரிதாகக் கணக்கெடுக்காது. யூஎஸ்பி வயரிலும் வேலை செய்யும், எக்ஸ்எல்ஆர் வயரிலும் (ஒலிக் கருவிகளுக்கு உரிய மூன்று முள் வயர்) வேலை செய்யும் என்பதால் பிறகு மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) வாங்கினாலும் மைக் வீணாகாது. அடியில் ஹெட்போன் குத்தும் துளையும் உண்டு. உங்கள் குரலை நீங்களே அப்போதைக்கப்போது கேட்கலாம். ஒரே நிபந்தனை, நாலு விரல் இடைவெளிக்குள் வாயை வைத்துக் கதைக்க வேண்டும். வயதானவர்கள் கதை சூடு பிடித்ததும் பின்னால் சாய்ந்துவிடுவார்கள். அதற்கு மருந்து இல்லை, தலையணையை முதுகுக்கு வைத்து முன்னால் தள்ளி உட்கார வைக்க வேண்டியதுதான்.

இனி அலுமாரி. வெறும் சுவரும் தரை ஓடும் உள்ள அறையில் எந்த மைக்கும் குளியலறைச் சத்தம்தான் தரும். அம்மாவின் புடவை அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்து, அதைப் பார்த்தபடி இருந்து கதைத்தால் எதிரொலி அடங்கிவிடுகிறது. முதுகுப் பக்கம் மெத்தை விரித்த கட்டில். செலவு சதமும் இல்லை. அந்தக் கொண்டென்சர் வாங்கிய காசை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தொகுப்பதற்கு ஓடாசிட்டி மென்பொருள், இலவசம். சத்தக் குறைப்பை மட்டும் அளவோடு பாவியுங்கள். நான் ஆரம்பத்தில் கூட்டிக் கூட்டி வைத்து, ஐயாமார் எல்லாரும் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போல ஆக்கி வைத்திருந்தேன். ஒலி அளவை, ஸ்டீரியோ (இடம், வலம் என்று இரண்டு தடம்) என்றால் மைனஸ் 16, மோனோ (ஒரே தடம்) என்றால் மைனஸ் 19 எல்யூஎப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று வைத்தால் பஸ்ஸில் கேட்பவருக்கும் போதும். தனிப் பேச்சுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு) எம்பி3 தாராளம். அரை மணி நேர நிகழ்ச்சி 14 எம்பி சொச்சம்தான் வரும். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள் நம் கேட்பவர்கள், இது முக்கியம்.

ஏற்றி வைப்பதற்கு ஸ்பாட்டிஃபையின் இலவசச் சேவை. ஆங்கர் என்று இருந்ததை 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. 2023இல் ஒரு பெயர், 2024இல் இன்னொரு பெயர். காலி வீதியில் கடைப் பலகைகூட இவ்வளவு கெதியாக மாறுவதில்லை. கூகுள் பொட்காஸ்ட்ஸ் 2024இல் மூடியே போனது. ஆனபடியால் மூலப் பதிவுகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நீங்களே வைத்திருங்கள். ஆர்எஸ்எஸ் முகவரி (கேட்கும் செயலிகள் உங்கள் நிகழ்ச்சியைத் தேடி எடுக்கும் இணைய முகவரி) கையில் இருந்தால் வேறு சேவைக்குக் குடிபோவது பெரிய வேலை இல்லை.

லைவ் வேறு உலகம். பொட்காஸ்டில் பிழை விட்டால் வெட்டலாம், லைவில் கரண்ட் போனால் நீங்களும் போனீர்கள். நான் லைவ் தொடங்க நினைத்தது சரியாக 2022 பங்குனியில். மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் பதிவு மட்டும் நடந்தது. மின்வெட்டு ஓய்ந்த பிறகு, 2023இல்தான் ஒழுங்காக லைவ் போனேன்.

யூடியூபில் முதல் தடவை லைவ் வசதியைத் திறந்தால் 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். கைபேசியில் இருந்து லைவ் போக 50 சந்தாதாரர்களாவது வேண்டும். அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் பட்டனைத் தேடினால் அவமானம்தான். லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் படத்தை 720பி தெளிவு, வினாடிக்கு 30 பிரேம், 2500 கேபிபிஎஸ் என்று வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் போடுவது பதிவிறக்க வேகம்; உங்களுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். அனுப்புவதைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் நிம்மதி.

நான் வாங்கியதில் மிகச் சிறந்தது மைக்கும் இல்லை, கமராவும் இல்லை. ரௌட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரௌட்டரை ஓட வைக்கும் பட்டரிப் பெட்டி. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி, நாடு முழுக்கக் கரண்ட் போன நாள். நான் லைவில் இருந்தேன். மின்விசிறி நின்றது, மடிக்கணினி பட்டரியில் ஓடியது, ஃபைபர் இணைப்பும் தப்பியது. வியர்க்க வியர்க்க இன்னும் நாற்பது நிமிடம் கதைத்தோம். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது, ரொறன்ரோவில் குளிருக்குள் இருந்தார்கள்.

தோற்றதும் உண்டு. கொழும்பின் ஆடிவேல் திருவிழா ஊர்வலத்தைத் தெருவில் நின்று கைபேசியில் காட்டப் போனேன். தேரைச் சுற்றி அத்தனை பேரும் அதே நேரத்தில் போனை உயர்த்த, டேட்டா திணறி, படம் துண்டு துண்டாகப் போனது. போதாததற்கு ஒலிபெருக்கியில் போன பக்திப் பாட்டுக்கு ஒரு இசை நிறுவனம் உரிமை கோரிவிட்டது. அடுத்த வருடம் பதிவு செய்து, பாட்டை வெட்டி எடுத்துவிட்டு, நாதஸ்வரத்தையும் சனங்களின் பேச்சையும் மட்டும் வைத்து இரவில் ஏற்றினேன்.

இப்போது மாதம் இரண்டு பதிவு, ஒரு லைவ். லைவ் ஞாயிறு இரவு ஏழரைக்கு. ஆடி மாதத்தில் அது ரொறன்ரோவில் காலை பத்து, லண்டனில் பின்னேரம் மூன்று. மார்கழியில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பிவிடுவார்கள், காலை ஒன்பதாகிவிடும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மணி நேரம் பிந்தி வந்து எனக்குத்தான் பேசுவார்கள். கொண்டென்சர் மைக் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. யாருக்காவது சத்தமில்லாத வீடு இருந்தால் வந்து எடுத்துப் போகலாம்.