தாலரா, அஞ்சு ஃப்ராங்கா, க்ரௌனா?

ஐரோப்பாவோட பழைய பெரிய வெள்ளிக்காசு ஒண்ணாவது கையில இருக்கணும்னு ஆசப்படறவங்க முதல்ல போய் நிக்கறது ஆஸ்திரிய மகாராணி படம் போட்ட மரியா தெரசா தாலர்கிட்டதான், ஈசியா கிடைக்குது, 28 கிராம், 40 மி.மீ. அகலம், பாத்தாலே ஒரு கம்பீரம். ஆனா 1780னு போட்டிருக்கேன்னு நம்பி ஏமாந்துடாதீங்க. அந்தம்மா அந்த வருஷம் நவம்பர்லயே செத்துட்டாங்க, எத்தியோப்பியா, ஏமன் பக்கத்து வியாபாரிங்க பழகின காசுதான் வேணும்னு நின்னதால அதே வருஷத்தப் போட்டே அடிச்சுத் தள்ளிட்டாங்க, வியன்னா, ரோம், லண்டன்னு போய் 1940-41ல நம்ம பம்பாய் டங்கசாலை வரைக்கும் வந்துடுச்சு. இன்னிக்கும் வியன்னாவுல அடிக்கறாங்க. எது எந்த ஊர் காசுன்னு பாக்க லூப்ப (உருப்பெருக்கிக் கண்ணாடி) வெச்சுக்கிட்டு மகாராணி படத்து ப்ரூச்சுல இருக்கற முத்தையும் பின்பக்கத்து கழுகோட வால் இறகையும் எண்ணணும், அது ஒரு தனிக் கிறுக்கு.

என் ஓட்டு ஃப்ரான்ஸோட அஞ்சு ஃப்ராங்குக்கு. 25 கிராம், 90 சதவீதம் வெள்ளி, போட்டிருக்கற வருஷம் நெஜமான வருஷம். 1865ல லத்தீன் நாணய ஒன்றியம் வந்ததுல பெல்ஜியம், இத்தாலி, சுவிஸ் எல்லாம் இதே எடைக்கு வந்தாங்க, அதனால ஒரே அளவுல லியோபோல்ட், விக்டர் இம்மானுவேல்னு அந்தந்த நாட்டு ராஜாக்கள வரிசையா அடுக்கலாம். 1870கள்ல வந்த, ஹெர்குலிஸ் படம் போட்ட ஃப்ரான்ஸ் காசோட விளிம்ப விரலால தடவிப் பாருங்க, எழுத்து மேல எழும்பி நிக்கும், போலியா நெஜமான்னு தெரிஞ்சுக்க தராசு இல்லாதப்போ நான் மொதல்ல பாக்கறது அதத்தான். எழுத்து மழுங்கி இருந்தா கைய எடுத்துடுவேன்.

பழைய பிரிட்டிஷ் க்ரௌன் 28.28 கிராம், 92.5 சதவீதம், மூணுலயும் வெள்ளி அதிகம் இதுலதான், பிஸ்ட்ருச்சி செதுக்கின குதிரைவீரன் டிராகன குத்தற படத்துக்கே தனி மவுசு, விலையும் அப்படித்தான். நான் வாங்கின மொத க்ரௌன் கருப்பா இருக்கேன்னு குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி விபூதி போட்டுத் தேச்சுட்டேன், பளபளன்னு ஆச்சு, டீலர் பாத்துட்டு பாதி விலைதான் சொன்னார். அதுக்கப்புறம் கருப்பத் தேய்க்கறதே இல்ல. விக்டோரியாவோட கடைசிக் காலத்து க்ரௌன்ல விளிம்புலயே ஆட்சி வருஷம் ரோமன் எண்ணுல இருக்கும், அது ஜூன்ல மாறும், அதனால 1897க்கு 60னு ஒண்ணு, 61னு ஒண்ணு. எங்கிட்ட 60 இருக்கு, 61தான் இன்னும் மாட்டல.