பத்தடி பட்டிங் மேட் வாங்கலாமா? வீட்டு கோல்ஃப் பயிற்சி செட், ஒவ்வொன்றாக

பந்தைத் தரையோடு குழிக்கு உருட்டி விடும் அடிதான் பட்டிங். அதை வீட்டில் பழகும் விரிப்பான ‘பட்டிங் மேட்’ என்று ஆன்லைனில் தேடினால் வந்து விழுவதில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. ஒன்பது, பத்தடி நீளம், ஓரடி அகலம், கடைசியில் மரத்தில் ஒரு ஏற்றம், அதில் ஒன்றோ இரண்டோ குழி, பந்தைத் திருப்பி அனுப்ப ஒரு வாய்க்கால். கூடவே இரண்டு அலைன்மென்ட் ராட், ஒரு பட்டிங் கண்ணாடி, நுனியில் உருண்டை வைத்த ஸ்விங் டிரெய்னர் என்று செட்டாகவும் கொடுக்கிறார்கள். பிராண்டு மாறும், பெட்டி மாறும், உள்ளே இருக்கும் சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாரம் ஒருமுறை மைதானத்துக்குப் போகிற, ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், கூடக்கூடத் தரம் குறைவு) இருபதைத் தாண்டிய சென்னைக்காரருக்கு இதில் எது உருப்படி, எது பரண்மேல் போகும் என்று பார்ப்போம். எல்லாம் வலக்கைக்காரர் கணக்கு. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.

மேட் வாங்கலாம். ஆனால் ஏற்றம் இல்லாத, தட்டையான மேட்.

ஏற்றத்தில் என்ன கெடுதல்? பந்து இரண்டு அங்குலம் மேலே ஏற வேண்டுமென்றால், ஸ்டிம்ப் 10 (புல்தரையின் வேகத்தைக் காட்டும் எண், பிறகு சொல்கிறேன்) வேகமுள்ள சமதரையில் இன்னும் சுமார் இரண்டடி உருள்வதற்கான வேகம் அதற்குத் தனியாக வேண்டும். எட்டடி பட் அடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தினமும் பத்தடிக்கு அடித்துப் பழகுகிறோம். ஒரு மாதத்தில் கை அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நிஜ கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், அதே கை அடிக்கும்போது பந்து குழியைத் தாண்டி ஓடும். வேகமாக வரும் பந்துக்குக் குழியும் சுருங்கிவிடுகிறது. உருண்டு ஓயப்போகிற பந்துக்கு 4.25 அங்குலமும் வாசல். ஓடுகிற பந்துக்கு நடுவில் உள்ள கொஞ்சம்தான். தானாகத் திரும்பி வரும் வாய்க்காலிலும் ஒரு சிக்கல் உண்டு. குனிந்து எடுக்கத் தேவையில்லாததால் நின்ற இடத்தில் நின்றபடி ஐம்பது பந்தைத் தட்டித் தீர்த்துவிடுவோம். ஒவ்வொரு பந்துக்கும் விலகி வந்து, மறுபடி நின்று, மறுபடி குறிபார்ப்பதுதான் பயிற்சி, அது நடக்காது.

ஏற்கெனவே ஏற்றம் வைத்த மேட் வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். மரப்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, துணியை மட்டும் விரித்து, குழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாணயம் வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் மேட் எதற்கு? பந்து கிளம்பும் திசைக்கு. இதற்கு மேட்டை மிஞ்சிய இடம் கிடையாது. தரை தட்டை, கோடு போட்டிருக்கிறது, காற்றில்லை. பட்டிங்கில் பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதில் பெரும்பங்கு, அடிபடும் நொடியில் பட்டரின் (பட்டிங் மட்டையின்) முகம் பார்க்கும் திசைதான். கை போகும் பாதைக்குச் சின்னப் பங்குதான். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு 2.125 அங்குலம். பத்தடி தூரத்தில் முகம் ஒரு டிகிரி திரும்பியிருந்தால் பந்து 2.1 அங்குலம் விலகும். அதாவது சரியாக விளிம்பு. மெதுவாக வந்தால் விழுந்து தொலைக்கும், வேகமாக வந்தால் தடவிவிட்டுப் போய்விடும். ஆகவே பத்தடியில் நம் சொத்து ஒரு டிகிரிதான்.

அந்த ஒரு டிகிரியை அளக்கக் கடையில் விற்கும் ‘கேட்’, அதாவது பந்து நுழைந்து போக வேண்டிய குட்டி வாசல், வாங்கத் தேவையில்லை. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். இரண்டை ஒட்டி வைத்தால் 54. பந்து வைக்கும் இடத்திலிருந்து சரியாக ஓரடி முன்னால், மேட்டின் நடுக்கோட்டில் இரண்டு நாணயமும் தொடும்படி பக்கவாட்டில் வையுங்கள். இரண்டு வெளி விளிம்புகளிலும் ஒவ்வொரு பென்சில் பேட்டரியை நிற்க வையுங்கள். நாணயங்களை எடுத்துவிடுங்கள். பந்து 42.67 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ஐந்தரை மில்லிமீட்டர் சொச்சம் இடம் இருக்கும். அதைத் தொடாமல் போன பந்து ஒரு டிகிரி சொச்சத்துக்குள் கிளம்பியிருக்கிறது. பேட்டரி விழுந்தால் சத்தம் வேறு கேட்கும், பக்கத்து அறையில் இருப்பவர் கூட ஸ்கோர் சொல்லலாம்.

பத்துக்கு எட்டு தேறும்வரை ஓரடியிலேயே இருங்கள். பிறகு அதே இடைவெளியைப் பந்திலிருந்து இரண்டடியில் வையுங்கள். அரை டிகிரிதான் அனுமதி. திரும்பத் திரும்ப வலப்பக்க பேட்டரியே விழுந்தால் முகம் திறந்து, அதாவது வலப்பக்கம் பார்த்தபடி, வருகிறது. முதலில் பந்து மிகவும் பின்னால், வலக்கால் பக்கமாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடிக்கும் நேரத்தில் கையை இறுக்கி வேகத்தைப் பாதியில் விடுகிறீர்கள். இடப்பக்கமே விழுந்தால் பந்து மிகவும் முன்னால் இருக்கும், அல்லது பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலையோடு தோளும் திரும்பிவிடுகிறது. இரண்டும் மாறி மாறி விழுந்தால் ஸ்ட்ரோக்கைத் தொடாதீர்கள். குறிபார்ப்பதே ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் மேட்டையே சோதிக்க வேண்டும். சுருட்டி வந்த மேட்டில் மடிப்பு இருக்கும்; மறுபக்கமாகச் சுருட்டி ஓர் இரவு வைத்து, பிறகு விரித்து நாலு மூலையிலும் கனமான புத்தகம் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்கிய பிறகும் பந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தப்பு மேட்டிலா, தரையிலா? மெதுவாக ஐந்து பந்து உருட்டுங்கள். துணிப்பக்கம் மேலேயே இருக்க, மேட்டின் முன் நுனி பின்னால் வரும்படி சுற்றிப் போட்டு, மறுபடி அதே சுவரிலிருந்து ஐந்து உருட்டுங்கள். பந்து இரண்டு தடவையும் ஒரே சுவர்ப் பக்கமாகச் சாய்ந்தால் உங்கள் ஹாலின் டைல்ஸ் சரிவு. மேட்டின் ஒரே ஓரத்தை நோக்கிச் சாய்ந்தால் மேட் கோணல், திருப்பி அனுப்புங்கள். பால்கனியில் விரிக்க வேண்டாம், அது தண்ணீர் போவதற்காகவே சரிவாகக் கட்டப்பட்ட இடம்.

பெட்டியில் ‘ஸ்டிம்ப் 11’, ‘ஸ்டிம்ப் 12’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதையும் சரிபார்க்கலாம். ஸ்டிம்ப் மீட்டர் என்பது வேறொன்றுமில்லை, பள்ளமாக மடித்த ஓர் உலோகப் பட்டை. சுமார் இருபது டிகிரி தூக்கியதும் பட்டையின் கீழ் நுனியிலிருந்து முப்பதாவது அங்குலத்தில் இருக்கும் பந்து உருண்டு இறங்கும். அது எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் எண். பத்தடி மேட்டில் அது முடியாது, பந்து வெளியே ஓடிவிடும். பாதியிலிருந்து விடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அலுமினிய ஆங்கிளை எடுத்து, கீழ் நுனியிலிருந்து பதினைந்து அங்குலத்தில் அடையாளம் போட்டு, அந்த இடம் தரையிலிருந்து ஐந்து அங்குலம் உயரும்படி வைத்து பந்தை விடுங்கள். ஓடிய தூரத்தை இரண்டால் பெருக்குங்கள். ஆங்கிளின் மடிப்பு வேறு என்பதால் துல்லியம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மேட்டை ஒப்பிட, அல்லது உங்கள் மேட்டை மைதானத்துக் கிரீனோடு ஒப்பிட, தாராளமாகப் போதும். இரண்டு திசையிலும் விட்டுச் சராசரி எடுங்கள். துணியின் ரோமம் சாய்ந்த பக்கம் பந்து அதிகம் ஓடும்.

பட்டிங் கண்ணாடி பரவாயில்லை ரகம். பந்துக்கு நேர் மேலே, அல்லது ஒரு துளி உள்ளே கண் இருக்கிறதா என்று காட்டும். அதைச் சவரக் கண்ணாடியும் காட்டும்.

அலைன்மென்ட் ராட் மட்டும் யோசிக்காமல் எடுக்க வேண்டியது. நாலடிக் கம்பி இரண்டு, அவ்வளவுதான். வயரிங்குக்குப் போடும் பி.வி.சி. பைப் பத்தடி நீளத்தில் கிடைக்கிறது. கடையிலேயே நாலடியாக இரண்டு துண்டு வெட்டித் தருவார்கள், காபி டிபன் காசு. மண்ணில் குத்தி நிறுத்த வேண்டுமென்றால்தான் ஃபைபர் கம்பி தேவை.

ரேஞ்சில் (பந்தை வரிசையாக அடித்துப் பழகும் இடத்தில்) ஒரு கம்பியைப் பந்துக்கு வெளிப்புறம் இலக்கை நோக்கி வையுங்கள். இன்னொன்றைக் கால் விரல் நுனியில், முதல் கம்பிக்கு இணையாக. இரண்டாவது கம்பி இலக்குக்கு இடப்பக்கமாகப் பார்ப்பது போலத் தோன்றும். அதுதான் சரி. பெரும்பாலானோர் கால் விரல்களையே இலக்கை நோக்கி வைத்துவிடுகிறார்கள். அப்போது உடம்பு முழுக்க வலப்பக்கம் பார்க்கிறது. பந்தை இலக்குக்குக் கொண்டுவர, இறங்கும்போது தோள் வெளியே பாய்ந்து கிளப்பை, அதாவது மட்டையை, இடப்பக்கம் இழுக்கிறது. ஸ்லைஸுக்கு, அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவதற்கு, மருந்து தேடி அலைகிறவர்களில் பலருக்கு வியாதி ஸ்விங்கில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது. அடுத்த சந்தேகம் கிரிப், கிளப்பைப் பிடிக்கும் விதம். இடக்கையைக் குனிந்து பார்த்தால் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டி தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் முகம் திறந்தே வரும், தோளை என்ன செய்தாலும்.

ரேஞ்சின் ரப்பர் மேட் ஒரு பொய்யன். பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் கிளப் இறங்கினாலும் ரப்பரில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், பந்தும் பறக்கும். அதே அடியைப் புல்லில் அடித்தால் மண்ணை அள்ளிக்கொண்டு பந்து பாதி தூரத்தில் விழும். செட்டில் இதற்கு ஒன்றும் கிடையாது. வீட்டிலிருக்கும் தேங்காய்ப்பூ துண்டை ஒரு மடிப்பு மடித்துப் பந்துக்கு நாலு அங்குலம் பின்னால் போடுங்கள். ஏழாம் நம்பர் அயர்ன் கிளப், முதலில் அரை ஸ்விங். துண்டு நகர்ந்தால் கிளப் முன்கூட்டியே இறங்குகிறது. காரணம் அநேகமாக எடை வலக்காலிலேயே தங்கியிருப்பது, அல்லது பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மணிக்கட்டை முன்கூட்டியே அவிழ்ப்பது. கிளப்பின் சாய்வே பந்தைத் தூக்கும். கை தூக்க வேண்டியதில்லை.

இந்த எல்லாவற்றையும் விட உபயோகமான கருவி பள்ளிக்கூடத்து ஒயிட்போர்டு மார்க்கர். பந்தின் பின்புறம், முகம் மோதும் இடத்தில், உளுந்து அளவுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அடித்தபின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி அங்கே ஒட்டியிருக்கும். பெர்மனென்ட் மார்க்கர் ஒட்டாது, காய்ந்துவிடும். பத்து பந்து அடித்து, ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி நுனிப் பக்கமே விழுந்தால் தள்ளி நிற்கிறீர்கள், அல்லது அடிக்கும்போது முழங்கை மடங்கி உள்ளே இழுக்கிறது. குதிகால் பக்கம், அதாவது கம்பி சேரும் இடத்தை ஒட்டி விழுந்தால், எடை கால் விரல்களுக்குப் போய் உடம்பு பந்தை நோக்கிச் சரிகிறது. தூரத்துக்கு அடிக்கும் பெரிய தலைக் கிளப்பான டிரைவரில் இது இன்னும் முக்கியம். பந்து நடுவை விட்டு விலகிப் பட்டால் அதன் தலை முறுகிப் பந்துக்குப் பக்கச் சுழற்சி கொடுக்கும். நுனியில் பட்ட பந்து இடப்பக்கமாகவும் குதிகாலில் பட்ட பந்து வலப்பக்கமாகவும் வளையும். ஆக, குதிகாலில் படுவதால் வரும் ஸ்லைஸை ‘பாதை தப்பு’ என்று நினைத்து ஸ்விங்கை மாற்றினால் இருந்ததும் போய்விடும்.

வளைகிற ஸ்விங் டிரெய்னரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கும் முன் உடம்பைச் சூடாக்க, அவசரமாக மேலேயிருந்து பாய்கிறவர்களை நிதானப்படுத்த நல்லது. ஸ்லைஸைத் தீர்க்காது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. ஃபிளாட்டின் ஹாலில் சுற்றும் முன் தலைக்கு மேல் ஃபேன் எங்கே என்று பாருங்கள். மொட்டை மாடிதான் அதற்கு இடம்.

செல்போனில் ஸ்லோமோஷன் எடுப்பவர்கள், போனை கை இருக்கும் உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னால், இலக்கை நோக்கி இணையாக வைக்க வேண்டும். அரையடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் நல்ல பாதையும் கோணலாகத் தெரியும். இல்லாத வியாதிக்கு வைத்தியம் பார்ப்பது அப்படித்தான் தொடங்குகிறது. நம் ஊர் வியர்வைக்கு இன்னொன்று: கிளப்பின் கைப்பிடி உறையான கிரிப் வழுக்கினால் கை தன்னையறியாமல் இறுகும், இறுகினால் முகம் திரும்பாது. கிரிப்பை மாதம் ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவையுங்கள். பையில் இரண்டு கையுறை, மாற்றி மாற்றிப் போட.

மேட் சொல்லித் தராததைக் கிரீனில்தான் கற்க வேண்டும். நந்தனம் காஸ்மோவோ வேறு எந்த மைதானமோ, ஆட்டத்துக்கு முன் பிராக்டீஸ் கிரீனில் பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள். குழியைப் பார்க்காமல் பத்து, இருபது, முப்பதடியில் டீ (பந்து வைக்கும் சின்னக் குச்சி) குத்தி ஒவ்வொன்றுக்கும் மூன்று பந்து. டீயைத் தாண்டி ஒன்றரை அடிக்குள் நின்றால் தேறியது. நம் வெயிலுக்குத் தாங்குகிற பெர்முடா வகைப் புல்லில் இழை ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பார்க்கும் திசையில் வெளிறி மின்னினால் இழை உங்களை விட்டு விலகிச் சாய்கிறது, பந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் எதிர் இழை, ஒரு கை கூட்டி அடிக்க வேண்டும். சந்தேகமென்றால் குழியின் விளிம்பைப் பாருங்கள். எந்தப் பக்கம் புல் கிழிந்து பழுப்பேறியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் இழை போகிறது.

மேட் வந்த அன்றைக்கே உருட்டிப் பார்த்துவிடுங்கள், ரிட்டர்ன் தேதி தாண்டிவிடப் போகிறது. மழைக்காலத்தில் ரப்பர் அடிப்பாகத்தைத் தரையிலேயே நாள்கணக்கில் விட்டால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். துணிப்பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி, நிற்க வைத்து விடுங்கள்.