ஜாமாக், பித்தளை, எஃகு: நம் ஊர் ஈரத்துக்கு எந்த ரேசர்?

சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சில வெள்ளிக்கே இரட்டை முனை ரேசர் கிடைக்கிறது. அதே வடிவ ரேசர் இணையத்தில் பல நூறு வெள்ளிக்கும் விற்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்புதான். கடையில் எடுத்துப் பார்ப்பவர்கள் எடையையும் மினுமினுப்பையும் வைத்தே தரத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: பிளேடு இருபக்கமும் ஒரே அளவில் நிற்கிறதா, முலாமுக்கு அடியில் என்ன உலோகம் இருக்கிறது.

நம் முடிவெட்டும் கடைகளில் பிளேடை இரண்டாக முறித்து, பிடியில் செருகிச் சவரம் செய்வார்கள். அங்கே கோணத்தைக் காப்பாற்றுவது பழகிய கை. வீட்டு ரேசரில் அந்த வேலையை உலோகமே செய்தாக வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன் உள்ள பிளேடை மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வைத்துத் திருகினால் அது வளைந்து விறைத்து நிற்கும். அந்த விறைப்பு இல்லையென்றால் முனை அதிரும், தோல் எரியும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக நீட்டி நின்றால் அந்தப் பக்கம் கீறும், மறுபக்கம் சரியாக வழிக்காது. கித்தா (ரப்பர்) மரம் வெட்டியவர்களுக்கு இது புரியும்: கத்தி மயிரிழை ஆழம் போனால் மரத்தில் காயம், மேலோடு போனால் பால் வராது.

மலிவு ரேசர்கள் பெரும்பாலும் ஜாமாக். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த கலவை இது. 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால் அச்சில் வார்ப்பது சுலபம், செலவும் குறைவு. ஆனால் ஜாமாக் என்றாலே மட்டம் என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து மெர்க்கூர் 34சி, சாக்சனியில் தயாராகும் மூலே ஆர்89 இரண்டின் தலையும் ஜாமாக்தான். அச்சின் துல்லியமும், வார்த்த பிறகு இழைத்து மெருகேற்றும் வேலையும்தான் தரத்தைப் பிரிக்கின்றன. மட்டமான ரேசரின் அடித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டில் பிசிறு தெரியும், அதன் மேலேயே குரோம் பூசியிருப்பார்கள். பிளேடு உட்காரும் இடத்தில் அந்தப் பிசிறு இருந்தால் எவ்வளவு நல்ல பிளேடும் கோணலாகத்தான் நிற்கும்.

34சி இரண்டே பாகம், குட்டைப் பிடி, சுமார் 77 கிராம். ஆர்89 மூன்று பாகம். ஷெஃபீல்டின் எட்வின் ஜாகர் டிஇ89க்கும் இதே தலை வடிவம்தான். 34சி, ஆர்89 இரண்டில் என் ஓட்டு ஆர்89க்கு. முழுசாகப் பிரித்துக் கழுவிக் காயவைக்கலாம், நம் ஊர் ஈரத்துக்கு அது பெரிய வசதி.

ஜாமாக்கின் உண்மையான பலவீனம் ஈரத்தில்தான் வெளிப்படும். குரோமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும். உள்ளே துத்தநாகம் அரிக்கத் தொடங்கி, முலாம் கொப்புளம் போல எழும்பும். கொப்புளம் உடைந்தால் வெள்ளைப் பொடி உதிரும். மேல்மூடியில் இருக்கும் திருகுத்தண்டின் மரைதான் முதலில் போகும். அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டே முறியும். அதை ஒட்ட வழியில்லை.

துருப்பிடிக்காத எஃகுக்கு இந்தக் கவலை இல்லை. ராக்வெல் 6எஸ் என்ற ரேசர், 316எல் ரக எஃகில், உலோகப் பொடியைப் பசையோடு கலந்து அச்சில் செலுத்தி, பின் சூளையில் சுட்டுச் செய்வது. சுடும்போது பாகம் நீளவாக்கில் 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டிக் கணக்கிட்டு அச்சு வெட்டுவதில்தான் திறமை இருக்கிறது. மூன்று அடித்தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டால் ஆறு நிலைகள். பிளேடுக்கும் தட்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுமார் 0.20 மி.மீ. தொடங்கி 0.79 வரை. கனடாவின் கார்வ் நிறுவனம் பித்தளையைக் கணினி இயந்திரத்தில் கடைந்தே கிறிஸ்டோபர் பிராட்லி ரேசரைச் செய்கிறது. வார்ப்பில் வரும் பிசிறு இதில் வராது. பித்தளை கறுக்கும், ஆனால் துத்தநாகம்போல உதிராது. ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 எஃகு ரேசர் மிக மென்மையாகச் சவரம் செய்யும். தினமும் வழிப்பவருக்கு அருமை. வாரத்துக்கு ஒருமுறை தாடியில் கை வைப்பவருக்குப் போதாது.

முதல் ரேசர் வாங்கும் தம்பிக்கு ஆர்89 சொல்வேன், இறுக்கும்போது விரல் நுனி பலம் போதும் என்ற எச்சரிக்கையோடு. அப்பாவும் மகனும் ஒரே ரேசரின் பிடியை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு தட்டும் சொந்த பிளேடும் பயன்படுத்துவதென்றால் 6எஸ். எதை வாங்கினாலும் பிளேடு போட்டவுடன் மேலிருந்து பாருங்கள். மூடிக்கு வெளியே தெரியும் வெள்ளிக்கோடு இருபக்கமும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். பிளேடைக் கழற்றி மறுபடி மாட்டியும் ஒரு பக்கம் தடித்தே நின்றால், ரேசரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.