நாயின் இரத்தக்குழாய்க்கு எது பெரிய எதிரி: உயிருள்ள இதயப்புழுவா, செத்த புழுவா?

கொசுக்கடி வழியே நாய்க்குள் புகும் டைரோபிலேரியா இமிட்டிஸ், பெயருக்குத்தான் இதயப்புழு. பெரும்பாலும் குடியிருப்பது நுரையீரல் தமனிகளில். பெண் புழு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், 5 முதல் 7 ஆண்டுகள் வாழும்.

இவ்வளவு நீளப் புழு உரசினால் குழாய்ச் சுவர் கெடாதா என்று தோன்றும். கெடும்தான். ஆனால் உரசல் மட்டுமே காரணமில்லை. நோயுற்ற நாய்களின் தொடைத் தமனியைச் சோதித்தபோது, புழுவே இல்லாத அந்தக் குழாயிலும் தளரும் இயல்பு மாறியிருந்தது. சாதாரணமாக உட்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு போன்றவற்றை வெளியிட்டுக் குழாயை விரியச் செய்யும். புழு கசியவிடும் பொருள்கள் இரத்தத்தோடு பயணித்து அந்த வேலையில் கைவைக்கின்றன.

இன்னொரு தந்திரமும் உண்டு. உயிருள்ள புழுவின் சுரப்புகள் இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, உறைகட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினாக அது மாறத் துணைபோகின்றன. தான் இருக்கும் குழாய் அடைபடக் கூடாதே! அந்தப் பிளாஸ்மின் மிகுந்தால் உட்சுவர் செல்களும் தசைச் செல்களும் பெருகி நகர்வது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. நோயுற்ற தமனிகளின் உட்பக்கம் தடிப்பதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

செத்த புழுவிடம் இந்த நிதானம் கிடையாது. உடல் சிதைந்து சிறு கிளைகளில் போய் அடைக்கும், இரத்தம் உறையும். புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவும் வெளியேறி அழற்சியைத் தூண்டும். புழுச் சாற்றை நாயின் சிரையில் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையே வரும். மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் விடும் ஹிஸ்டமின் எனும் வேதிப்பொருள் அதில் முக்கியக் குற்றவாளி.

உடனடி ஆபத்து என்றால் என் ஓட்டு செத்த புழுவுக்கே. ஆனாலும், மாதாந்தரத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்து மெல்லமெல்லச் சாகட்டும் என்று விடும் முறை மென்மையானது என்பதை ஏற்க மாட்டேன். ஓராண்டுக்கு மேலும் இழுக்கக்கூடிய அந்தக் காலம் முழுக்கத் தமனி தடித்துக்கொண்டே போகும். 4 வாரம் டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைக் கொடுத்து வோல்பாக்கியாவைக் குறைத்துவிட்டு, பிறகு வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஊசியை 3 தவணை போடுவது மேல். கடைசி ஊசிக்குப் பின் 6 முதல் 8 வாரம் நாயை ஓடவிடக் கூடாது; ஓடினால் இரத்த ஓட்டம் கூடி, புழுத் துண்டுகளை நுரையீரலின் இன்னும் உள்ளே தள்ளும்.